சொல்வதும் அமானிதம், செவிமடுப்பதும் அமானிதம்



நம் பிள்ளைகளில் பலர் இன்று பொறியாளர்களாகவும் வணிக நிர்வாகிகளாகவும் பணியாற்றுகின்றனர். ஒரு சாரார் கூறுவதை மறு சாரார் விளங்கிக்கொள்ளாவிடில் விளைவு என்னவாகும் என்பதற்கு, 1986ஆம் ஆண்டின் சேலஞ்சர் விண்கல விபத்து மறக்கலாகாத சான்றாகும்.

அவ்விண்கலத்தின் உந்து ராக்கெட்டுகளைத் தயாரித்தது மார்ட்டன் தியோகால் நிறுவனம். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் நெகிழ்ச்சியை இழக்கும் என்றும், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் ஏவ வேண்டாம் என்றும் அதன் பொறியாளர்கள் முந்தைய இரவே நாசா அதிகாரிகளிடம் தொலைபேசி வழியே எச்சரித்தனர். நாசா தரப்பு அதனை ஏற்கவில்லை. நிறுவனத்தார் தனியே கலந்து பேசினர். பொறியியல் பிரிவின் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியை அணியுமாறு மேலதிகாரி ஒருவர் கூறினார். பரிந்துரை மாறியது. ஜனவரி 28 அன்று, சுமார் 2 டிகிரிக் குளிரில் புறப்பட்ட விண்கலம் 73 வினாடிகளில் சிதறியது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர்.

நிர்வாகிகளின் பிழை பெரிது. பாதுகாப்பானது என்பதற்குச் சான்று கேட்க வேண்டியவர்கள், ஆபத்தானது என்பதற்குச் சான்று கேட்டனர். ஐயத்தை எழுப்பியவர் மீதே சுமையை ஏற்றினர்.

ஆயினும் பொறியாளர்கள் கற்க வேண்டிய பாடமும் இதில் உண்டு. முந்தைய பயணங்களுள் சுமார் 18 டிகிரிக்குக் கீழ் ஏவப்பட்ட நான்கிலும் வளையங்கள் பாதிப்புற்றிருந்தன. அதற்கு மேற்பட்ட இருபதில் மூன்றில் மட்டுமே பாதிப்பு இருந்தது. இதனை விசாரணைக் குழு பின்னர்ச் சுட்டிக்காட்டியது. எல்லாப் பயணங்களையும் சேர்த்து நோக்கும் இந்த எளிய ஒப்பீடு அன்றிரவு முன்வைக்கப்படவில்லை. அக்குழுவில் இருந்த இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்திக் காட்டினார். பொதுமக்களுக்கும் உண்மை விளங்கிற்று.

மத்ரஸாவில் மாணவருக்குப் பாடம் விளங்காதபோது, "நான் நடத்திவிட்டேன்" என்று கூறி நான் விலகிவிட இயலாது. கேட்பவருக்கு விளங்கும்வரை சொல்வது அறிந்தவர் மீதுள்ள கடமை. பொறியாளரும் அவ்வாறே. முடிவெடுப்பவரோ, மஷூராவில் தமக்கு உவப்பில்லாத கருத்து வரும்போது அதனை இன்னும் கூர்ந்து கேட்க வேண்டும்.

பெற்றோர்களே, கணிதத்தோடு இவ்விரு பண்புகளையும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். வீட்டில் சிறுவர் ஒருவர், "இது சரியில்லை" என்று சொன்னால், வாயை அடைக்காமல் காரணத்தைக் கேளுங்கள். நாளை அலுவலகத்தில் அஞ்சாமல் பேசவும் பொறுமையுடன் கேட்கவும் அவர் பழகுவது அங்கேதான்.