கைத்திறனும் கணக்கு நோட்டும்

தாராவியின் தோல் தொழிலில் தமிழர் கைக்குத் தனி இடம் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து குடியேறியவர்களின் மக்களும் பேரன்மாரும் இன்று பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் சிறு கார்கானாக்களை நடத்தி வருகின்றனர். பிறரிடம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்து, சேமிப்பையும் மனைவியின் நகையையும் போட்டு, சொந்தமாக இரண்டு தையல் இயந்திரம் வாங்கியவர்கள் அவர்களில் பலர். தொழிலில் அவர்களுக்குள்ள ஆசையையும் திறமையையும் யாரும் குறை கூற முடியாது. ஆயினும், இப்படித் தொடங்கிய கார்கானா சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டு, முதலாளியாக இருந்தவர் மீண்டும் கூலிக்குத் தைக்கப் போவதும் நடக்கிறது. இதற்குத் தலைவிதியைக் காரணம் காட்டுவது எளிது. உண்மைக் காரணம் பல சமயம், எழுதப்படாத கணக்கு நோட்டில் இருக்கிறது.

நல்ல கைத்தொழிலாளிக்குத் தோலைத் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், புது மாதிரி வெட்டுவதும், தையலை நேராக ஓட்டுவதும் வேலை என்றே தோன்றாது. நள்ளிரவு வரை உட்கார்ந்தாலும் அலுப்பதில்லை. ஆனால் பில் போடுவதும், பாக்கி கேட்கப் போவதும், வாடகையையும் மின் கட்டணத்தையும் எழுதி வைப்பதும் அவருக்கு எட்டிக்காயாகக் கசக்கின்றன. 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப் போடுகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை.

இதனால் விளையும் நஷ்டத்தை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு பை 800 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தோலுக்கு 380, உள்துணி, ஜிப், நூலுக்கு 90, தையல் கூலி 150 என்று 620 ரூபாய் செலவு. மீதி 180 ரூபாயும் லாபம் என்று மனக்கணக்கு சொல்லும். மாதம் 200 பை தைக்கும் கார்கானாவுக்கு வாடகையும் மின்சாரமும் சேர்ந்து 15,000 ரூபாய் ஆனால், பைக்கு 75 ரூபாய் அங்கே போய்விடுகிறது. எஞ்சுவது 105 ரூபாய், மாதத்துக்கு 21,000. காலை முதல் இரவு வரை உழைக்கும் முதலாளியின் கூலியும் இதற்குள் அடங்க வேண்டும். இந்த 200 பையில் 25 பைக்கு மட்டும் கடைக்காரர் பணம் தராமல் இழுத்தடித்தால் 20,000 ரூபாய் முடங்குகிறது. அந்த மாதம் வீட்டுக்கு மிஞ்சுவது ஆயிரம் ரூபாய்! கணக்கு எழுதுகிறவருக்கு இது அந்த மாதமே தெரியும். எழுதாதவருக்கு, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில்தான் தெரியும்.

பாக்கியை வசூலிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையேல் 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இதற்கென மாநில அரசு அமைத்துள்ள மன்றத்தில் முறையிடலாம். ஆனால் துண்டுச் சீட்டில் கடன் கொடுத்தவர் அங்கே எதைக் காட்டுவார்? பில் வேண்டும், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும், சரக்கு கொடுக்கும் முன்பே தொழிலைப் பதிவு செய்திருப்பது நல்லது. 2020 ஜூலை முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்த உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் கட்டணம் வாங்குவதில்லை. இதை அறியாமல் தரகரிடம் பணத்தைக் கொட்டுவோர் இருப்பது வருந்தத்தக்கது.

காகிதத்தின் அருமையைத் தாராவி மக்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியபோது, மின் கட்டண ரசீதும் குமாஸ்தா லைசென்ஸும் பத்திரமாக வைத்திருந்தவருக்கு இருந்த தைரியம் மற்றவருக்கு இல்லை. கடன் விஷயமும் அப்படியே. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் அடமானம் இல்லாமல் கடன் உண்டு. ஆனால் வங்கி அதிகாரி வரவு செலவைப் பார்க்க விரும்புவார். காட்ட ஒன்றும் இல்லாதவர் கந்து வட்டிக்காரரின் வாசலுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

இதனால், தொழிலாளி தையல் இயந்திரத்தை விட்டெழுந்து நாள் முழுதும் குமாஸ்தாவாக மாறிவிட வேண்டும் என்பது பொருளல்ல. அதுவும் ஆபத்தே. முதலாளி வங்கியிலும் அலுவலகத்திலும் பொழுதைக் கழித்தால், இங்கே தையல் கோணும், ஓரம் பிரியும், அடுத்த ஆர்டர் பக்கத்துக் கார்கானாவுக்குப் போகும். வாடிக்கைக்காரர் தேடி வந்தது அந்தக் கையைத்தான். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குவதே வழி. காலையில் இயந்திரம் ஓடத் தொடங்குமுன் அரை மணி நேரம் நாள்வழி எழுதலாம். வாரத்தில் ஒரு பிற்பகலைப் பாக்கி வசூலுக்கென்றே வைத்துக்கொள்ளலாம். மற்ற நேரமெல்லாம் கைவேலைக்கே. மனத்தில் பாக்கிக் கவலை உறுத்தாதபோதுதான் புது மாதிரியும் தோன்றும். பல வீடுகளில் இந்த நோட்டை எழுதுபவர் மனைவியே. அவர் உழைப்புக்கும் ஒரு கூலியைக் கணக்கில் எழுதுவதே நியாயம்.

இதில் அலுவலகங்களில் பணிபுரியும் தமிழர்களுக்கும் ஒரு கடமை உண்டு. டைப்பிஸ்டுகளாகவும் குமாஸ்தாக்களாகவும் இந்நகருக்கு வந்து பேரெடுத்தவர்கள் தமிழர்கள். மாதுங்காவிலும் சயானிலும் பேரேடு எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கூப்பிடு தூரத்தில் தாராவியில் ஒரு தமிழர் கணக்குத் தெரியாமல் கடையை இழப்பது அவர்களுக்குப் பெருமை தராது. தமிழ் அமைப்புகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மேசை போட்டு உட்கார்ந்து, பில் எழுதவும் பதிவு செய்யவும் உதவினால் அது விழாக்களைவிடப் பெரிய தொண்டாகும். அரசும் சட்டத்தை இயற்றியதோடு நில்லாமல், சிறு தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஊரைவிட்டு வந்து, நகையை விற்று, வியர்வையில் நிறுத்திய கார்கானாவை அளக்காமல் விடலாகாது. நாளைக் காலை இயந்திரத்துக்கு எண்ணெய் விடும்போதே, பக்கத்தில் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து வைப்பது நல்ல தொடக்கமாக இருக்கும்.