எதற்கும் இருக்கட்டும்!



உங்கள் லேப் ரெக்கார்டு நோட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். எந்த புரோகிராமாக இருந்தாலும் தலையில் அதே வரிகள்தான். ஸ்டுடியோ டாட் ஹெச் (அப்படித்தானே எல்லோரும் சொல்கிறோம்!), கோனியோ டாட் ஹெச், அப்புறம் மேத், ஸ்ட்ரிங்... இரண்டு எண்ணைக் கூட்டுவதற்கு மேத் டாட் ஹெச் எதற்கு? கேட்டால் ஒரே பதில்: "எதுக்கும் இருக்கட்டும்டா மச்சான்!"

பத்து வரி புரோகிராமில் இது சிரிப்புக்குரிய விஷயம். ஆயிரக்கணக்கான ஃபைல்கள் உள்ள சாஃப்ட்வேரில் அப்படியில்லை.

சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் 'இன்க்ளூட்' என்று ஒரு வரி போட்டால் அந்த ஹெடர் ஃபைல் முழுவதும் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். அது கூப்பிடும் ஹெடர்களும் கூடவே வரும். ஒருத்தருக்குப் பத்திரிகை வைத்தால் ஊரே பஸ் பிடித்து வருகிற மாதிரி! 2007-இல் கூகுளில் ஒரு பெரிய சி பிளஸ் பிளஸ் புரோகிராமை அளந்து பார்த்தார்கள். சுமார் 2000 ஃபைல்கள், மொத்தமே 4.2 மெகாபைட். இன்க்ளூட் எல்லாம் விரிந்து கம்பைலருக்குப் போய்ச் சேர்ந்ததோ 8 கிகாபைட்டுக்கும் மேல்! இந்தக் கணக்கை 2012-இல் எடுத்துச் சொன்ன ராப் பைக், 'கோ' மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். 2009-இல் வெளியான அந்த மொழியில் இம்போர்ட் செய்துவிட்டுப் பயன்படுத்தாவிட்டால் எச்சரிக்கை கிடையாது, நேராகப் பிழைதான். கம்பைலே ஆகாது. கறாரான வாத்தியார்! எனக்கென்னவோ பிடித்திருக்கிறது.

லினக்ஸ் கெர்னலிலும் இதே தலைவலி. ஹெடர்கள் ஒன்றையொன்று இழுத்து வரும் சிக்கலை அவிழ்க்க இங்கோ மோல்னார் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தார். 2022 ஜனவரியில் அவர் அனுப்பியது 2297 பேட்ச். சேர்ப்பதற்கு ஒரு நொடி, எடுப்பதற்கு எத்தனை பாடு பாருங்கள்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? கூடாது. என் அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். கான்கிரீட் இறுகியதும் முட்டையும் பலகையையும் பிரித்தே ஆக வேண்டும். ஆனால் எது சும்மா நிற்கிறது, எது தாங்கி நிற்கிறது என்று தட்டிப் பார்க்காமல் பிரித்தால் கதை முடிந்தது. ஜாவாவில் பயன்படாத இம்போர்ட் கண்ணுக்குத்தான் பாரம், கிளாஸ் ஃபைலில் அது போவதில்லை. பைத்தானில் இம்போர்ட் என்றாலே அந்த ஃபைல் ஓடும். ஓடும்போது தன்னை எங்காவது பதிவு செய்துகொள்ளும் ஃபைல்களும் உண்டு. பெயர் கீழே எங்கும் வராததால் 'ரஃப்' மாதிரிக் கருவி அதையும் "பயன்படவில்லை" என்றுதான் காட்டும். அதை எடுத்துப் பாருங்கள், வேறெங்கோ உடையும்.

நம் விஷயத்துக்கு வருவோம். ஃபைனல் இயர் புராஜெக்ட் பாதிப் பேருக்கு சீனியர் கொடுத்ததுதான். அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. (கோபப்படாதீர்கள், எல்லோருக்கும் தெரிந்ததுதானே!) அதில் முப்பது இம்போர்ட் இருந்தால் ஒன்றைக்கூட யாரும் தொடுவதில்லை. "ஓடுதுல்ல, விடு." சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அது பயம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போல இங்கே எத்தனையோ பேர். அச்சில் இருப்பதையும் போர்டில் இருப்பதையும் அடித்து எழுதலாம் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் வைவாவில் "இந்த வரி எதுக்குப்பா?" என்று கேட்டால் மாட்டிக்கொள்வதும் நாம்தான். கிளியர் ஸ்கிரீனையும் கெட்சையும் நீக்கிய பிறகும் கோனியோவை மட்டும் விட்டுவைத்தால் லினக்ஸ் மெஷினில் ஜிசிசி "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்று கையை விரிக்கும். ஒன்றுக்கும் உதவாத ஒரு வரிக்காக முழு புரோகிராமும் நிற்கும்!

ஆகவே ஒரு யோசனை. இந்த வருஷம் புராஜெக்டை ஜூனியர் கையில் கொடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை மதியம் லேபில் உட்காருவோம். ஒரு வரியை எடு, ஓட்டிப் பார், அடுத்ததை எடு. எடுக்க முடியாத வரி இருந்தால் ஏன் என்று பக்கத்தில் ஒரு கமெண்ட் எழுது. புது வேலை எதையும் அன்றைக்குச் சேர்க்காதே, ஏதாவது உடைந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. லேப் சாவிக்கு சாரிடம் நான் கேட்கிறேன். வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.