முற்றிய புரை யார் குற்றம்?

கண் வைத்தியர்கள் கூடும் மாநாடுகளில் "கடினமான கண்புரைகள்" என்ற தலைப்பில் தனி அமர்வு நடத்துவது வழக்கம். பால்போல் வெளுத்த புரை, மரக்கட்டைபோல் பழுப்பேறி இறுகிய புரை, உறைக்குள் நீராய்க் கரைந்துபோன புரை ஆகியவற்றை எவ்வாறு அகற்றுவது என்று அங்கே வல்லுநர்கள் படம் காட்டி விளக்குகிறார்கள். அவர்களுடைய கைத்திறனை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும் அந்த அமர்வுகளில் அரிதாகவே எழுப்பப்படும் ஒரு கேள்வியை இங்கே எழுப்ப விரும்புகிறோம். அந்தக் கண் அவ்வளவு தூரம் முற்றும்வரை அதற்குரியவர் எங்கே இருந்தார்? அவரை அங்கே இருக்க வைத்தவர் யார்?

கண்புரை ஒரே இரவில் முற்றுவதில்லை. பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அது வளர்கிறது. தொடக்கத்தில் பார்வையில் புகை படிந்ததுபோல் தோன்றும், விளக்கொளி சிதறும். அந்நிலையில் வைத்தியரை அணுகும் வசதி படைத்தவரின் வில்லை இன்னும் மென்மையாகவே இருக்கும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவே உள்ள துளை வழியாக, காதுக்கு எட்டாத ஒலியதிர்வினால் அதைக் கரைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிய வில்லையைப் பொருத்திவிடுகிறார்கள். அன்று மாலையே அவர் வீடு திரும்புகிறார். அவருடைய புரை "கடினமான" பட்டியலில் சேர்வது அரிது.

கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகல, புளத்கொகுபிட்டியப் பகுதிகளில் இறப்பர் மரம் வெட்டும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன்னே மலையேறி, மங்கிய வெளிச்சத்தில் பட்டையைச் சீவுவது அவருடைய தொழில். கத்தி சற்று ஆழப் பாய்ந்தால் மரம் காயப்படும். ஆழம் குறைந்தால் பால் வடியாது. புரை விழத் தொடங்கியவரின் கை முதலில் பிசகுவது இங்கேதான். வைத்தியர் நோயைக் கண்டறிவதற்கு முன்பே கங்காணி அதைக் கண்டுவிடுகிறார். ஆனால் அவர் அதற்கு இடும் பெயர் கண்புரை அன்று; சோம்பல், கவனக்குறைவு என்பனவே. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கதையும் இதுவே. நிறை குறைகிறது, அரைப்பேர் விழுகிறது, பிறகு புல்வெட்டுக்கு அனுப்பப்படுகிறார், கடைசியில் லயத்துக் காம்பராவின் வாசலில் உட்கார வைக்கப்படுகிறார். "வயது போய்விட்டது" என்று வீட்டாரும் அமைதி கொள்கிறார்கள். அந்த அமைதிக்குள்ளேதான் புரை முற்றுகிறது.

முற்றிய பின் நேர்வது என்ன? வில்லை நீரை உறிஞ்சி வீங்கினால் கண்ணுக்குள் நீரோட்டம் அடைபட்டு அழுத்தம் உயர்கிறது. வில்லையின் வெளிப்பகுதி கரைந்து உறைக்கு வெளியே கசிந்தாலும் அதே கதிதான். தாங்க முடியாத வலியோடு கண் சிவக்கிறது. பார்வை நரம்பு கெடுகிறது. அதன்பின் எந்த வல்லுநர் வந்து வில்லையை மாற்றினாலும் இழந்த பார்வை திரும்புவதில்லை. மீட்கக்கூடிய குருடு மீட்க முடியாத குருடாக மாறும் எல்லைக்கோடு இது. அந்தக் கோட்டைத் தாண்டவைத்தது இயற்கையன்று, தாமதம்.

இந்தக் கண்களுக்கான சத்திரசிகிச்சை முறைகள் வளர்ந்திருக்கின்றன என்பதும் உண்மையே. வெண்புரையில் வில்லையின் உறை கண்ணுக்குப் புலப்படாது; எனவே டிரைபான் நீலம் என்ற சாயத்தை இட்டு உறையை மட்டும் நீலமாக்கிக்கொண்டு அதை வட்டமாகக் கிழிக்கிறார்கள். வீங்கிய வில்லையில் அழுத்தத்தால் உறை தாறுமாறாகக் கிழியும் ஆபத்து உண்டு. ஆதலால் முதலில் ஊசியால் உள்நீரை உறிஞ்சி அழுத்தத்தைத் தணிக்கிறார்கள். வில்லையைத் தாங்கும் நுண்ணிழைகள் தளர்ந்திருந்தால் உறைக்குள் ஒரு வளையத்தைப் பொருத்துகிறார்கள். விரியாத கண்மணியை நுண்ணிய கொக்கிகளால் விரித்து வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் பல ஆண்டு உழைப்பின் கனி. மனித அறிவின் இந்த வெற்றிகளை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் இவ்விடத்தில் ஒரு வாதம் தலைகாட்டுகிறது. "கடினமான புரைக்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும், ஏழை நாடு எங்கே போகும்?" என்கிறார்கள். இது அறியாமையால் எழும் வாதமானால் மன்னிக்கலாம். அறிந்தே கூறுவதானால் மன்னிப்பதற்கில்லை. 1949இல் இலண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். 1967இல் அமெரிக்கரான சார்ள்ஸ் கெல்மன் ஒலியதிர்வு முறையைப் புகுத்தினார். இயந்திரம் சிறந்ததே. எனினும் கட்டையாக இறுகிய பழுப்புப் புரையை உடைக்க மிகுந்த அதிர்வு தேவைப்படுகிறது. அதன் வெப்பமும் அதிர்ச்சியும் கருவிழிப் படலத்தின் உட்புறக் கலங்களை அழிக்கக்கூடும். அழிந்த அக்கலங்கள் மீண்டும் பிறப்பதில்லை. முற்றிய புரைக்கு மாற்றுவழியைத் தேடி வளர்த்ததில் பெரும்பங்கு, முற்றிய புரைகள் மலிந்து கிடந்த நமது பிரதேசத்தின் வைத்தியர்களுக்கே உரியது. கண்ணின் வெண்பகுதியில் ஆறேழு மில்லிமீற்றர் அகலத்தில் சாய்வான சுரங்கம்போல் ஒரு வழி வெட்டி, இறுகிய புரையை உடைக்காமல் முழுதாக வெளியே எடுத்து, வில்லையைப் பொருத்திவிட்டால், அவ்வழி தையலின்றியே தானாக மூடிக்கொள்கிறது. இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. நுண்ணோக்கியும், சில எளிய கருவிகளும், பயின்ற கையும் போதும்.

நேபாளத்தில் சந்துக் ரூயித்தும் அவருடைய தோழர்களும் 108 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இயந்திர முறையிலும் மற்றப் பிரிவினருக்குக் கைமுறையிலும் சத்திரசிகிச்சை செய்து, முடிவுகளை 2007இல் வெளியிட்டார்கள். ஆறு மாதங்களின் பின் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு நல்ல பார்வை பெற்றிருந்தனர். கைமுறைக்குச் சராசரி ஒன்பது நிமிடம் பிடித்தது. இயந்திர முறைக்குப் பதினைந்து நிமிடத்திற்கு மேல். செலவும் கைமுறையிலே குறைவு. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, 1992இல் வில்லைகளைத் தானே செய்யத் தொடங்கி, எளியவருக்கு எட்டாதிருந்த வில்லையின் விலையைப் பன்மடங்கு கீழே இறக்கியது. முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு ஆயிரக்கணக்கான கண்களைத் திறந்தவர் அவர். ஆகவே வழி இல்லை என்று எவரும் நம்மிடம் கூற வேண்டாம். வழி உண்டு, அது மலிவானது, அயலிலேயே பிறந்தது.

அடுத்த வாதம் இன்னும் கொடியது. "தோட்டத்து மக்கள் அறியாமையால் தாமதிக்கிறார்கள்" என்பது அது. அறிவுடையோர் என்று தம்மைக் கருதுவோர் ஒரு நாள் தெரணியகல மலைத்தோட்டத்திலிருந்து கேகாலை நகருக்குப் பார்வையற்ற ஒரு மூதாட்டியை அழைத்துச் சென்று பார்க்கட்டும். லயத்திலிருந்து வீதிக்கு நடை, வீதியிலிருந்து பஸ், இடையில் மாற்று பஸ், பின்பு நீண்ட வரிசை. அழைத்துச் செல்லும் மகளுக்கு அன்றைய பேர் இல்லை. ஒரு நாளோடு முடியுமா? பரிசோதனைக்கு ஒரு நாள், சத்திரசிகிச்சைக்கு ஒரு நாள், கட்டவிழ்க்க ஒரு நாள், மீண்டும் காட்ட ஒரு நாள். நாட்கூலியில் வாழும் குடும்பம் ஒரு கண்ணுக்காக எத்தனை பேரை இழக்கும்? வைத்தியசாலையில் கையில் தரும் துண்டு பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. அந்தத் திருத்தம் மருந்துத் துண்டு வரை இன்னும் நடந்து வரவில்லை. எந்தச் சொட்டை எத்தனை முறை இடுவது என்பது விளங்காமல் போனால், அருமையாகச் செய்த சத்திரசிகிச்சையும் பாழாகும். கணக்குப் பார்த்துத் தயங்கும் ஏழையை அறியாதவர் என்று அழைப்பது, கணக்கு அறியாதவர் செய்யும் வேலை.

இந்தத் தாமதத்திற்குச் சரித்திரம் உண்டு. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் நோயைத் தோட்ட நிருவாகத்தின் கையில் வைத்தது. சுதந்திரத்தின் பின் நாடெங்கும் இலவச வைத்தியம் விரிந்தபோதும் தோட்டத்து டிஸ்பென்சரி அந்தப் பெருவழியில் சேராத ஒற்றையடிப் பாதையாகவே நின்றது. 1948இல் குடியுரிமையும் அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிக்கப்பட்ட மக்களின் கண்ணைப் பற்றிக் கவலைப்பட எந்த வேட்பாளருக்கு அவசியம் இருந்தது? இன்று எழுபதைக் கடந்து புரைபடர்ந்த கண்களோடு வாசலில் உட்கார்ந்திருப்போர் அந்த ஆண்டுகளை ஒட்டிப் பிறந்தவர்களே. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியத்தை அரசு பொறுப்பேற்பது பற்றி அதன்பின் பேச்சு நடந்தது, சில வைத்தியசாலைகள் கைமாறின, வேலை முடியவில்லை. கம்பனி அரசைக் காட்டுகிறது. அரசு கம்பனியைக் காட்டுகிறது. இருவர் நீட்டும் விரல்களுக்கும் நடுவே மூதாட்டி குருடாகிறாள்.

இடையிடையே கண் முகாம்கள் வருகின்றன. கறுப்புக் கண்ணாடி அணிவித்து வரிசையாக நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். முகாம் பயனற்றது என்று நாம் கூறவில்லை. மதுரை வைத்தியசாலையும் முகாம் நடத்தியே வளர்ந்தது. ஆனால் அங்கே முகாம் என்பது தேர்வு செய்யும் இடம் மட்டுமே. தேர்ந்தெடுத்தவரை பஸ்ஸில் ஏற்றி, உணவளித்து, வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து, ஊர் கொண்டுவந்து சேர்த்து, பின்னரும் தேடிப் பார்க்கிறார்கள். நாம் கற்கவேண்டியது அந்த ஒழுங்கை. தருமத்தின் நாட்காட்டிப்படி கண் முற்றுவதில்லை. நிரந்தர ஏற்பாடு வேண்டும்.

அச்சமும் ஒரு தடைதான். 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சை பெற்றவர்களுள் சிலர், பின்னர் இடப்பட்ட இறக்குமதிக் கண்மருந்தினால் தொற்றுக்குள்ளாகிப் பார்வை இழந்தனர். பிழை கத்தியில் இல்லை. பொருளாதார நெருக்கடியின் நடுவே மருந்து வாங்கிய முறையில் இருந்தது. அத்தகைய செய்தியைக் கேட்டுச் சத்திரசிகிச்சைக்கு அஞ்சும் மூதாட்டியை நாம் பரிகசிக்க முடியாது. அவளுடைய அச்சத்தைப் போக்கும் கடமை அவளுடையதன்று. அந்த அச்சத்தை உண்டாக்கியவர்களுடையது.

உலகத்திற்குக் கண் கொடுத்த நாடு இது. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான இயக்கத்தின் வழியாக, இறந்தோரின் கருவிழிப் படலங்கள் 1964 முதல் கடல்கடந்து செல்கின்றன. அந்தப் பெருமையில் நமக்கும் பங்குண்டு. ஆனால் இந்நாட்டில் 2014–15இல் நடந்த தேசிய ஆய்வு, நாற்பது வயதைக் கடந்தோரின் குருட்டுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காரணம் கண்புரையே என்று கண்டது. அந்நியருக்குக் கண் அனுப்பிய கருணை, தன் மலைச்சரிவில் உழைத்தவளின் கண்ணைக் காக்க ஒரு பஸ் அனுப்பாதா?

கேகாலைக்கு வேறொரு நினைவும் உண்டு. 1934–35இல் மலேரியா கொள்ளைநோயாகி இம்மாவட்டத்தைச் சூறையாடியபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் சுமந்து சென்றனர். என். எம். பெரேராவுக்கு "பருப்பு மாத்தயா" என்ற பெயர் கிடைத்தது அப்போதே. அவர்கள் நோயாளியின் அறியாமையைப் பழிக்கவில்லை. நோய்க்கும் வறுமைக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டி அரசைக் கேள்வி கேட்டார்கள்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! உங்கள் தோட்டத்தில், உங்கள் அயல் லயத்தில், மூன்று மீற்றர் தொலைவில் காட்டும் விரல்களை எண்ணத் தெரியாத முதியோர் எத்தனை பேர் என்று பட்டியல் எழுதுங்கள். அது ஒரு விடுமுறை நாள் வேலை. அந்தப் பட்டியலை மாவட்டச் சுகாதார அதிகாரியிடமும் தோட்ட நிருவாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் ஒரே நாளில் கொடுங்கள். அழைத்துச் செல்ல வண்டி, துணைக்குச் செல்பவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு, தமிழில் எழுதிய மருந்துத் துண்டு, கைமுறைச் சத்திரசிகிச்சையில் தேர்ந்தவர் மாதந்தோறும் வரும் ஒழுங்கு என்னும் நான்கையும் கேளுங்கள். இவற்றில் ஒன்றேனும் பிச்சையன்று. ஆயுள் முழுதும் உழைத்தவளுக்கு நாடு செலுத்தவேண்டிய கடன். கடினமான புரைகளை வெல்லும் கைகள் நம்மிடம் உண்டு. புரையைக் கடினமாகும்வரை காத்திருக்க வைக்கும் சமுதாய அமைப்பை அகற்றும் சிகிச்சையை நாமே தொடங்கவேண்டும்.