கொடுப்பவர் யார்?

குருதிக்கொடை அறிவோம், கண்கொடை அறிவோம். மலமும் கொடையாகும் என்றால் விழிதியூரில் என் வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். ஆயினும் அது உண்மை! நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்தால், தீய கிருமி பெருகிக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாகலாம். நலமுள்ள ஒருவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டிக் குடலில் செலுத்தினால் நல்லவை மீண்டும் குடியேறும். 1958-இல் டென்வர் நகர மருத்துவர் ஐஸ்மன் குழுவினர் நால்வரை இவ்வாறு குணப்படுத்தியதை வெளியிட்டனர். நம் நாட்டில், லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியில் பெருங்குடல் புண்ணுக்கு இம்முறை கையாளப்பட்டுள்ளது.

சரி, கொடுப்பவர் யார்? "கூடப்பிறந்தவன் எதற்கு இருக்கிறான்?" என்கிறார் என் பாட்டி. இங்கேதான் நான் மாறுபடுகிறேன். அமெரிக்காவில் ஒரே கொடையாளியின் மலத்தைப் பெற்ற இருவருக்கு மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமி தொற்றி, ஒருவர் மாண்டதை 2019-இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. அக்கிருமிக்கான சோதனை முன்னதாகச் செய்யப்படவில்லை.

உறவினரிடம் நோய் வரலாற்றைக் கேட்கக் கூசுகிறோம்; அவரும் சொல்லக் கூசுகிறார். அந்தக் கூச்சமே ஆபத்து! மருந்துக்கடையில் நாமாக வாங்கி விழுங்கும் மாத்திரையும் கொடையாளியின் தகுதியைக் கெடுக்கும். நண்பர்களே, பாசம் கொடுக்க முன்வரட்டும். யார் கொடுப்பது என்பதைச் சோதனையே முடிவு செய்யட்டும்!