விட்டுக்கொடுத்தார், விட்டுவிடவில்லை!

வீட்டில் பிள்ளை பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் டமடமவென்று தட்டினால் நாம் என்ன செய்வோம்? "டேய், தலை வலிக்குதுடா, நிறுத்து!" என்று ஓர் அதட்டல் போடுவோம். லண்டனில் ஒரு பையன், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் கழுத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த வட்டத்தை முரசு மாதிரி தட்ட ஆரம்பித்தான். அப்பா ரயில்வேயில் லாரி டிரைவர்தான். ஆனாலும் 1955-ல், பையனுடைய பதினாலாவது வயதில், பெற்றோர் ஒரு டிரம் செட் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்தான் பிற்பாடு உலகமே அறிந்த சார்லி வாட்ஸ்.

அவருக்கு உயிர் ஜாஸ் சங்கீதம். இசைத்தட்டைச் சுழலவிட்டு, கூடவே வாசித்து வாசித்துக் கை பழகியவர். ஜாஸில் டிரம்காரருக்குச் சுதந்திரம் அதிகம். வலது கை தாளத்தட்டில் நடை போட, இடது கை நினைத்த இடத்தில் ஒரு சொல்லை உதிர்க்கும்.

1963 ஜனவரியில் அவர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்தார். அங்கே கதையே வேறு! ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் நாலிலும் பளிச்சென்று அடி விழ வேண்டும். பாட்டு முடியும்வரை அது பிசகக் கூடாது. "இவ்வளவுதானா?" என்கிறீர்களா? நிறையக் கற்ற கைக்குச் சும்மா இருப்பதுதானே கஷ்டம்!

வாட்ஸ் முகம் சுளிக்கவில்லை. குழுவின் கிடார்காரர்களான கீத் ரிச்சர்ட்ஸும் பிரையன் ஜோன்ஸும் ஜிம்மி ரீட் என்ற புளூஸ் பாடகரின் இசைத்தட்டுகளைப் போட, உட்கார்ந்து கேட்டார். எங்கே அடிக்கிறார்கள் என்பதோடு, எங்கே அடிக்காமல் விடுகிறார்கள் என்பதையும் கவனித்தார். பின்னாளில் அவருடைய அடையாளமே ஒரு 'விடுதல்'தான். இடது கை அந்த இரண்டாம், நாலாம் அடியைப் போடும்போது, வலது கையைத் தாளத்தட்டில் படாமல் தூக்கிக்கொள்வார். அந்த அடி தனியாக, கணீரென்று கேட்கும்.

சரி, பிறருக்காகக் குறைத்துக்கொண்டவர் தன் ஜாஸை மறந்துவிட்டாரா? அதுதான் இல்லை! 1985-ல், நாற்பத்து நாலு வயதில், முப்பது பேருக்கு மேற்பட்ட ஜாஸ் குழு ஒன்றைச் சொந்தமாகக் கூட்டினார். 1991-ல் ஐவர் குழு ஒன்றும் அமைத்தார். அதில் பாஸ் வாசித்தவர் டேவ் கிரீன். சின்ன வயதில் பக்கத்து வீட்டிலிருந்து சேர்ந்து இசைத்தட்டு கேட்ட அதே சிநேகிதர்! 2021 ஆகஸ்டில் மறையும்வரை வாட்ஸ் ரோலிங் ஸ்டோன்ஸையும் விடவில்லை.

இங்கேதான் நமக்கு வேண்டிய சேதி இருக்கிறது, சகோதரிகளே! புகுந்த வீட்டின் நடைக்கு ஏற்ப நாமும் எத்தனையோ 'அடி'களைக் குறைத்துக்கொள்கிறோம். தப்பில்லை, சேர்ந்து வாசிக்க அது வேண்டியதுதான். ஆனால் குறைத்துக்கொள்வது வேறு, மூட்டை கட்டிப் பரண்மேல் போடுவது வேறு. கல்யாணத்துக்கு முன் கற்ற வீணை உறைக்குள் தூங்குகிறதா? எம்பிராய்டரி ஊசி துருப்பிடிக்கிறதா? குழந்தை தூங்கும் அரைமணி நேரம் உங்களுக்கே உங்களுக்கு. வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள், "அந்த நேரத்துல என்னைக் கூப்பிடாதீங்க" என்று.

விரல் முதல் நாள் தடுமாறும். தடுமாறட்டுமே!