பழைய ஜப்பான் சித்திரப் படங்கள் தமிழ் பேசட்டும்!

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது சேந்தமங்கலம். அந்த ஊர்ப் பாட்டி ஒருவரிடம் போய், "ஜப்பான்காரர் எடுத்த ராமாயணம் பார்த்தீர்களா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "ஜப்பான்காரருக்கு ராமாயணம் எப்படியப்பா தெரியும்?" என்று திருப்பிக் கேட்பார்.

நியாயமான கேள்விதான். யூகோ சாக்கோ என்ற ஜப்பானியர் 1983-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். ராமாயணத்தோடு தொடர்புள்ள இடத்தில் நடந்த அகழ்வாராய்ச்சியைப் படம் பிடிக்க வந்தவர் அவர். வந்த இடத்தில் ராமன் கதை அவரைப் பிடித்துக்கொண்டது! நம் நாட்டு ராம் மோகனையும், ஜப்பானின் கோயிச்சி சசாக்கியையும் சேர்த்துக்கொண்டு சித்திரப் படம் எடுத்தார். எல்லாம் கையால் வரைந்தவை. ஏறத்தாழ ஒரு லட்சம் சித்திரங்கள்! 1993 ஜனவரியில் டில்லி உலகப் பட விழாவில் அதைத் திரையிட்டார்கள்.

அந்தப் படம் தமிழ் பேசித் தியேட்டருக்கு வந்தது எப்போது தெரியுமா? 2025 ஜனவரி 24-ந் தேதி.

32 ஆண்டுகள்! 8 வயதில் பார்த்திருக்க வேண்டிய பையனுக்கு அப்போது 40 வயது. சாக்கோவும் 2012-ல் காலமாகிவிட்டார். நாமக்கல்லில் கூரையில்லாமல் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டு வளரும் பிள்ளைகள், ஜப்பான்காரர் வரைந்த அநுமாரைத் தமிழில் பார்க்க இவ்வளவு காலமா காத்திருப்பது?

பழசு யாருக்கு வேண்டும்?

"புதுப் படத்துக்குத்தான் கூட்டம் வரும்" என்பார்கள் வியாபாரிகள். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழிலும் வந்தது. சந்தோஷம். ஆனால் அதில் வெட்டும் குத்தும் ரத்தமும் அதிகம். சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிற படமா அது? மேலும், அது நீண்ட கதையின் பிற்பகுதி. முன்கதை தெரியாதவர்கள் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான்.

கடல் கடந்த ரசிகனுக்குப் பழசு, புதுசு என்று கிடையாது. 1995-ல் வந்த நம் 'முத்து' படம் 1998-ல்தான் டோக்கியோவுக்குப் போனது. மாதக்கணக்கில் ஓடியது! "மூன்று வருஷப் பழசு" என்று யாராவது முகம் சுளித்தார்களா?

1974-ல் ஜப்பானில் 'ஹெய்டி' என்ற தொடர் வந்தது. 52 பகுதிகள். மலைமேல் ஒரு தாத்தா. அவரிடம் வந்து சேரும் தாயும் தகப்பனும் இல்லாத பேத்தி. ஆடு மேய்க்கும் பையன் ஒருவன். அவ்வளவுதான் கதை. ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் என்று பல நாட்டுப் பிள்ளைகள் தங்கள் சொந்த மொழியில் அதைப் பார்த்தார்கள். கொல்லிமலையைத் தினம் பார்க்கும் குழந்தைக்கு இந்தக் கதையை விளக்கவா வேண்டும்?

"கீழே தமிழ் எழுத்து ஓடினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுத்துக் கூட்டுவதற்குள் காட்சி மாறிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் கதி என்ன? இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டுமானால் குரல்தான் தமிழில் வர வேண்டும். அதுவும் வீட்டில் பேசுகிற தமிழாக இருக்க வேண்டும். மேடைப் பேச்சுத் தமிழில் ஹெய்டி பேசினால் குழந்தை எழுந்து விளையாடப் போய்விடும்!

செலவும் பெரிதல்ல. படம் வரைந்த செலவு எப்போதோ முடிந்தது. இனி வேண்டியது உரிமைத் தொகை, மொழிபெயர்ப்பு, குரல் கொடுப்பவர்களின் சம்பளம். உரிமை வைத்திருக்கும் ஜப்பான் கம்பெனிகளும் நம் டெலிவிஷன்காரர்களும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். இவர்கள் தாமதித்தால் திருட்டுப் பிரதிதான் முதலில் வீட்டுக்குள் நுழையும்.

மோக்லி கதையை 1989-ல் ஜப்பானில் தொடராக எடுத்தார்கள். அதைத் தூர்தர்ஷன் 1990-களில் இந்தியில் காட்டியது. இந்தி தெரியாத நம் பிள்ளைகளும் ஓநாய்க் கூட்டத்தையும் கரடியையும் வாய் பிளந்து பார்த்தார்கள். அதுவும் 52 பகுதிதான். ஞாயிறுதோறும் காலையில் ஒன்று போட்டால் ஒரு வருஷத்துக்குக் காணும்.