முகத்தைப் பார்க்காதே, விளிம்பைப் பார்!

ஆண்டு மலர் என்றாலே கவிதையும் நட்பும்தான் என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்தக் கட்டுரை பழைய ஐரோப்பிய ராணுவப் பதக்கங்களைப் பற்றியது. "நமக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. மெட்ராலஜி லேபில் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து, 'ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எழுது' என்று நம்மைப் படாதபாடு படுத்துகிறார்களே, அந்தக் காலிப்பர் இருந்தால் பதக்கம் விற்கும் பெரிய பெரிய ஆசாமிகளுக்குத் தெரியாததைக்கூட நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

சில ஆண்டுகளாகப் பதக்கம் சேர்க்கிறேன். பணக்காரப் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். பஸ் பாஸ் மிச்சத்தில் வாங்கியவைதான் பாதி. இதில் என் கட்சி ஒன்றே ஒன்றுதான். ஒரு பதக்கம் அசலா போலியா என்பது வரலாற்றுக் கேள்வி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முதலில் அது தயாரிப்புக் கேள்வி. 'இது எவ்வளவு பழசாகத் தெரிகிறது?' என்று கேட்கவே கூடாது. 'இது எப்படிச் செய்யப்பட்டது?' என்று கேட்க வேண்டும்.

பழசாகத் தெரிய வைப்பது சின்னப் பிள்ளை விளையாட்டு. "பாருங்க தம்பி, எப்படிக் கறுத்துப் போயிருக்கு! நூறு வருஷத்துக் கறுப்பு!" என்பார் கடைக்காரர். வேகவைத்த முட்டையோடு ஒரு டப்பாவில் மூடி வைத்தால் வெள்ளி கறுத்துப் போகும், அத்தனையும் கந்தகத்தின் வேலை. செம்பிலும் வெண்கலத்திலும் பச்சைக் களிம்பு ஏற்ற உப்பும் அமிலமும் போதும். அடுத்து ஒரு கதை வரும்: "இது ஒரு கர்னலோட வீட்டுல இருந்து வந்தது." கதைக்கு எடையும் கிடையாது, விட்டமும் கிடையாது. அளக்க முடியாத எதையும் நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

உதாரணத்துக்கு முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வார் மெடலை எடுத்துக்கொள்வோம். 1919ல் ஏற்படுத்தப்பட்டது. வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம் வழங்கினார்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரை மேல் ஆடையில்லாத செயின்ட் ஜார்ஜ். குதிரையின் குளம்புக்கடியில் பிரஷ்யக் கேடயமும் மண்டையோடும். விட்டம் 36 மி.மீ., எடை சுமார் 31 கிராம். இதை டை வைத்து அழுத்தி அடித்தார்கள். அழுத்தத்தில் உலோகம் டையின் ஒவ்வொரு மூலைக்கும் ஓடிப் போய் நிற்கும். அதனால் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கும், வெற்றிடம் வழவழப்பாக இருக்கும்.

போலி செய்பவன் என்ன செய்வான்? நல்ல டை வெட்டக் காசு அதிகம். அசல் பதக்கம் ஒன்றை அச்சாக வைத்து வார்த்து எடுப்பான். இங்கேதான் மாட்டுகிறான். பவுண்டரி பாடத்தில் சுருக்க அலவன்ஸ் என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உருகிய உலோகம் உறையும்போது சுருங்கும். பேட்டர்ன் செய்பவர் அதற்காகத்தான் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்கிறார். அசலையே பேட்டர்னாக வைத்தவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் பதக்கம் ஒன்று, இரண்டு சதவீதம் சிறுத்துத்தான் பிறக்கும். 36 மி.மீ. இருக்க வேண்டியது 35½ பக்கம் வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. 0.02 மி.மீ. வரை படிக்கும் வெர்னியருக்குத் தெரியாமல் போகுமா? கூடவே லென்ஸில் பார்த்தால் ஊசி முனையளவு காற்றுக் குழிகள், சோப்பு மாதிரி மழுங்கிய எழுத்துகள், சில சமயம் விளிம்பைச் சுற்றி இரண்டு அச்சும் சேர்ந்த கோடு.

'அப்படின்னா வார்ப்பு என்றாலே போலி' என்று உடனே எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். 1856ல் விக்டோரியா மகாராணி ஏற்படுத்திய விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது, வார்த்து எடுப்பதுதான்! லண்டனில் ஹான்காக்ஸ் என்ற நகைக்கடை இன்றுவரை அதைச் செய்கிறது. முதலில் டை வைத்து அடிக்கத்தான் பார்த்தார்களாம். பீரங்கி வெண்கலம் கடினமாக இருந்ததால் டை விரிசல் விட்டது. பிறகு வார்த்து, கையால் உளி பிடித்துத் தீட்டினார்கள். அந்த வெண்கலம் செவஸ்தபோலில் பிடித்த ரஷ்யப் பீரங்கியுடையது என்பது வழிவழியாக வரும் பேச்சு. ஆனால் உலோகத்தை ஆராய்ந்தவர்கள், பயன்பட்ட பீரங்கிகளில் சீனாவில் செய்தவையும் உண்டு என்கிறார்கள். எந்தப் பதக்கம் எந்த முறையில் செய்யப்பட்டது என்று தெரியாதவன் கையில் விதியைக் கொடுத்தால் அசலைத் தூக்கி எறிவான், போலியைப் பூஜை அறையில் வைப்பான்.

உலோகம் சரியா என்று பார்க்க ஆர்க்கிமிடீஸ் தாத்தா இருக்கிறார். ரிப்பனைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல், தண்ணீரில் தொங்கவிட்டு எடை போடுங்கள். காற்றில் 31 கிராம் இருந்தது தண்ணீரில் 28 என்றால் குறைவு 3. முப்பத்தொன்றை மூன்றால் வகுத்தால் 10.3. ஸ்டெர்லிங் வெள்ளியின் அடர்த்தி அந்தப் பக்கம்தான். அதே பருமனில் கப்ரோ நிக்கல் என்றால் 27 கிராம்கூடத் தேறாது. வெள்ளி முலாம் பூசிய ஈயம் என்றால் 34 காட்டும். நகை எடை பார்க்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு போதும். பதக்கத்தில் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்கு உதைக்கும், தட்டி விடுங்கள்.

ஜெர்மானியரின் அயர்ன் கிராஸுக்கு வேறு வழி. 1813ல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் ஏற்படுத்தியது. முதல் உலகப் போரில் இரண்டாம் வகுப்பு மட்டும் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். நடுவில் கறுப்பு பூசிய இரும்புத் தகடு, முன்னும் பின்னும் இரண்டு வெள்ளிச் சட்டம், ஓரத்தில் பற்றவைப்பு. ஆக மூன்று துண்டு. ஒரே துண்டாக வார்த்து, நடுவில் கறுப்புப் பெயின்ட் அடித்தது கைக்கு வந்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். காந்தத்தைக் காட்டினால் நடுத்தகடு ஒட்டும். ஆனால் காந்தம் ஒட்டாததெல்லாம் போலி இல்லை. இரும்பு அல்லாத தகடு போட்டுச் செய்த அசலும் உண்டு. ஓரத்துப் பற்றவைப்பும், வளையத்தில் குத்திய தயாரிப்பாளர் முத்திரையும் காந்தத்தைவிட நம்பத்தக்கவை. இன்னொன்று. 1939 என்ற ஆண்டோடு, ஸ்வஸ்திகா இல்லாமல் ஓக் இலை போட்ட கிராஸ் கிடைத்தால் குழம்ப வேண்டாம். நாஜிச் சின்னத்தை நீக்கி அணியலாம் என்று மேற்கு ஜெர்மனி 1957ல் சட்டம் போட்ட பிறகு செய்தது அது. போலி அல்ல. ஆனால் போர்க்காலத்துப் பதக்கம் என்று விற்றால் விற்பவர் சொல்வது பொய்.

இனி விளிம்புக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதுதான்.

பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலானவற்றின் விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு இருக்கும். எல்லாப் படி வீரர்களுக்கும் ஒரே மாதிரி பிரிட்டிஷ் அரசு கொடுத்த முதல் பதக்கம் 1815 ஜூன் 18ல் நடந்த வாட்டர்லூ போருக்கானது. அதிலேயே விளிம்பில் பெயர் உண்டு. பெயரை இரண்டு விதமாகப் போடலாம். எழுத்துப் பஞ்ச் வைத்து அழுத்தினால் உலோகம் அமுங்கி ஓரத்தில் லேசாகப் பிதுங்கும். உளியால் செதுக்கினால் உலோகம் சீவல் சீவலாக வெளியே போகும். பத்து மடங்கு லென்ஸில் இரண்டும் வேறு வேறாகத் தெரியும். லேத்தில் சிப்ஸ் பறப்பதையும் பிரஸ்ஸில் தகடு அமுங்குவதையும் பார்த்த கண் நம்முடையது, குழம்பாது.

பெயரை மாற்றுவது இப்படித்தான்: சாதாரணச் சிப்பாயின் பெயரை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டு, அங்கே ஒரு 'ஹீரோ'வின் பெயரைப் போடுவார்கள். தேய்த்த இடத்தில் உலோகம் குறையுமா இல்லையா? பதக்கத்தைச் சுற்றி எட்டு இடத்தில் விட்டம் எடுங்கள். ஏழு இடத்தில் ஒரே அளவு வந்து, பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு பத்தில் இரண்டு மி.மீ. குறைந்தால், வேறு சாட்சியே வேண்டாம், அங்கே ஒரு மனுஷன் இருந்தான், இப்போது இல்லை. கெட்டிக்காரன் முழு விளிம்பையும் லேத்தில் கடைந்துவிடுவான். அப்போது எட்டு ரீடிங்கும் ஒன்றாக வரும், ஆனால் எட்டும் குறைவாக வரும்.

இதிலும் விதிவிலக்கு உண்டு. 1854ல் ஏற்படுத்திய கிரிமியா பதக்கம் பலருக்குப் பெயரில்லாமலே போய்ச் சேர்ந்தது. சிலர் திருப்பி அனுப்பி அரசிடம் பஞ்ச் போட்டு வாங்கினார்கள். சிலர் ஊர் நகை ஆசாரியிடம் கொடுத்துச் செதுக்கிக்கொண்டார்கள். செதுக்கிய பெயர் என்பதற்காகக் கிரிமியா பதக்கத்தை ஒதுக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினருக்கு ஸ்டார்களைப் பெயரில்லாமல் கொடுத்தார்கள். இந்திய ராணுவத்தினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் உண்டு. வாட்டர்லூ பதக்கத்தின் கொக்கி எஃகு, வளையம் இரும்பு. துருப்பிடித்த கொக்கியைப் பார்த்து 'வெள்ளிப் பதக்கத்துக்கு இதென்ன?' என்று முகம் சுளிக்கிறார்களே, அந்தத் துருதான் அசல். அழகான வெள்ளிக் கொக்கி பிறகு யாரோ மாட்டியது.

பெயர் சரி, விளிம்பு சரி என்றால் அடுத்தது காகிதம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்கப் பட்டியல்களும், முதல் உலகப் போருக்கான இன்டெக்ஸ் கார்டுகளும் இருக்கின்றன. வீர விருது என்றால் லண்டன் கெஜட்டில் வரும். போலி செய்பவர்கள் குறி வைப்பது புகழ்பெற்ற சண்டைகளை: 1854 அக்டோபர் 25 பாலக்லாவாவில் லைட் பிரிகேட், 1879 ஜனவரியில் ஜூலூ போரின் ரோர்க்ஸ் டிரிப்ட். இந்தப் பெயர்ப் பட்டியல்கள் புத்தகமாகவே வந்துவிட்டன. அதனால் பட்டியலில் பெயர் இருப்பது அந்த ஆள் இருந்தார் என்பதற்கு அத்தாட்சி. இந்த வட்டத் தகடு அவருடையது என்பதற்கு அத்தாட்சி இல்லை. அதை விளிம்புதான் சொல்ல வேண்டும்.

"ஏம்ப்பா, பொழுதுபோக்குதானே! பார்க்க அழகா இருந்தா போதாதா?" என்று ஹாஸ்டலில் ஒரு அண்ணன் கேட்டார். போதாது அண்ணா. அழகுதான் வேண்டுமென்றால் 'நகல்' என்று முத்திரை குத்திய பிரதியை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். பிரிட்டிஷ் வார் மெடலைப் பெற்ற 65 லட்சம் பேரில் மிகப் பலருக்குக் கல்லறைக் கல்லைத் தவிர, அல்லது அதுவும் இல்லாமல், உலோகத்தில் பெயர் இருக்கும் ஒரே இடம் அந்த விளிம்பு. இந்திய, சீன, மால்டாத் தொழிலாளர் படைகளுக்கு வெள்ளியில்கூடக் கொடுக்கவில்லை, வெண்கலம்தான், சுமார் 1,10,000. மூட்டை தூக்கியவனுக்கும் ரோடு போட்டவனுக்கும் உலோகத்திலேயே ஒரு படி கீழே! அந்தப் பெயரையும் அரம் வைத்துத் தேய்ப்பவனை நான் கலெக்டர் என்று சொல்ல மாட்டேன். தேய்த்தது தெரிந்தும் வாய் திறக்காமல் அடுத்தவன் தலையில் கட்டுகிறவனும் அப்படித்தான். பெயர் மாற்றிய பதக்கத்தை வைத்திருப்பது குற்றமில்லை, படிப்பதற்கு நல்ல மாதிரி. விற்கும்போது அதைச் சொல்லிவிட வேண்டும்.

அரம் மட்டும் எதிரி இல்லை. 1980 தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை எக்கச்சக்கமாக ஏறியபோது பிரிட்டிஷ் வார் மெடல்கள் ஏராளமாக உருகிப் போயின. கூடவே பிறந்த வெண்கல விக்டரி மெடல் மட்டும் ஜோடியில்லாமல் இன்றும் கடைகளில் கிடக்கிறது. நம் ஊரிலும் தாத்தா கொண்டு வந்த வெள்ளி மெடலை நகைக்கடையில் எடைக்குப் போட்டவர்கள் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்கள் முதல் உலகப் போரில் இதே பதக்கத்தைத்தான் வாங்கினார்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம், பாருங்கள்.

கிடைத்தால் தயவுசெய்து விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். புளியும் வேண்டாம், பிராஸோவும் வேண்டாம். பஞ்ச் அழுத்தியபோது பிதுங்கிய அந்த மெல்லிய ஓரம்தான் முதலில் தேய்ந்து போகும். அது போனால் அசலுக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி போச்சு. சோப்புகூட இல்லாமல் மெல்லிய பருத்தித் துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும்.

வாங்கப் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: வெர்னியர், சின்னத் தராசு, நூல், ஒரு டம்ளர், சின்னக் காந்தம், லென்ஸ். வெர்னியரின் தாடையைப் பதக்கத்தில் அழுத்திக் கீறிவிடாதீர்கள், கடைக்காரர் திட்டுவதில் நியாயம் இருக்கும். லென்ஸ் பத்து மடங்குக்கு மேல் வேண்டாம். அதற்கு மேலே போனால் தூசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.